இரண்டாவது கார்டு

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. இத்தனை வருடம் ஆகியும் இதில் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான் அப்போது பதின்மூன்று வயதுப் பெண். பாக்கார் ஆராங் என்ற ஊரில் எங்கள் வீட்டில், என் மேசைக்கடியில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் இருந்தது. புது விளையாட்டு எதைப் போட்டாலும் படம் விக்கி விக்கி நகரும். படத்தை ஓட்டும் அந்தப் பழைய கார்டை விற்றுவிட்டு, இரண்டு தீபாவளிக்குப் பெரியவர்கள் உறையில் வைத்துத் தந்த அங்பாவ் பணத்தைச் சேர்த்துப் போட்டு, ஒரே ஒரு நல்ல கார்டு வாங்குவதென்று மூன்று மாதம் படித்து முடிவு செய்திருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் காது குத்துவதானாலும் கார் வாங்குவதானாலும் தாய்மாமனைக் கேட்க வேண்டும். அதிலும் மாமாவுக்குக் கூலிமில் சிப் தொழிற்சாலையில் வேலை. கம்ப்யூட்டருக்கு அவரை விட்டால் வேறு யார் என்றார் அம்மா.

தீபாவளிக்கு மறுநாள் மாமாவும் அத்தையும் வந்தார்கள். மாமா முறுக்கைக் கடித்தபடி, தமிழ்ப் பேப்பரின் தீபாவளி மலரைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“இப்ப இருக்கிற கார்டு ஓடுதில்ல?”

“ஓடுது மாமா. ஆனா ஸ்லோ.”

“அப்புறம் ஏன் விக்கணும்? அதே கார்டு செகண்ட் ஹேண்ட்ல இன்னொண்ணு வாங்கிப் பக்கத்துல மாட்டு. எங்க லைன்ல ஒரு மிஷின் பத்தலன்னா இன்னொரு மிஷின் போடுவாங்க. வேகம் டபுள் லா!”

அத்தை பெருமையாகச் சிரித்தார். அப்பா தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு கார்டிலும் ஓடும்படி விளையாட்டைச் செய்திருந்தால்தான் இரண்டாவது வேலை செய்யும். இல்லாவிட்டால் சும்மா கிடந்து சூடாகும். புது விளையாட்டுகள் பெரும்பாலும் அப்படிச் செய்யப்படுவதில்லை. இதையெல்லாம் இன்டர்நெட்டில் தேடி, கடையில் அச்செடுத்து, முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தேன். நான்கு பக்க ஆங்கிலம். கொண்டுவந்து மாமா கையில் கொடுத்தேன்.

“கோடு போட்ட இடம் மட்டும் படிங்க மாமா. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படிங்க.”

மாமா தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சட்டைப் பையைத் தடவினார்.

“கண்ணாடி கொண்டு வரலம்மா. அப்புறம் பாக்கிறேன்.”

பச்சைப் பொய்! நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் சிப்பைப் பார்க்கிற மனிதர். கண்ணாடி போட்டு அவரை நான் பார்த்ததே இல்லை.

“இப்பதானே மலர் முழுக்கப் படிச்சீங்க! ஏன் மாமா பொய் சொல்றீங்க?”

வீடே கேட்கும்படி கத்தினேன். அம்மா சமையலறையிலிருந்து வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார். “விடும்மா, சின்னப் பிள்ளைதானே” என்றார் மாமா. தாள்களை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுப்பில் கறி கொதிக்கக் கொதிக்க, சாப்பிடாமலே அத்தையோடு கிளம்பிவிட்டார்.

பொய் சொன்னவர் அவர், அறை வாங்கியவள் நான். என்ன நியாயம் இது? கடைசியில் என் அங்பாவில் அந்த இரண்டாவது கார்டையே வாங்கினார்கள். விளையாட்டு பழையபடி விக்கியது. கம்ப்யூட்டர் மட்டும் சூடானது. ‘நீ சொன்னதுதான் சரி’ என்று என்னிடம் ஒருவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! இரண்டு வருடம் மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது நானும் கூலிமில்தான், வேறொரு தொழிற்சாலையில் பொறியாளர். போன மாதம் ஆங்கிலத்தில் இருந்த புதிய விதிமுறைத் தாளை உற்பத்தி லைனில் உள்ளவர்களிடம் கொடுத்து, படித்துக் கையெழுத்துப் போடச் சொன்னேன். மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து மயிரிழை விரிசலைக்கூடக் கண்டுபிடிக்கிற அக்கா ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கண்ணாடி கொண்டு வரலம்மா” என்றார்.

பேனாவை நீட்டிய கையோடு நின்றுவிட்டேன். மாமா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர். ஆங்கிலம் அவருக்குப் படிக்க வராது. அன்று வீட்டில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது, என்னைத் தவிர.