ரத்தம் சொன்ன வயது

ஜெயபாய்க்கு அறுபத்தாறு வயது. இது கர்த்தருக்குத் தெரியும். பாறசாலை லேப்பில் ரத்தம் எடுக்கிற லிஷாவுக்குத் தெரிய வேண்டாம் என்று ஜெயபாய் தீர்மானித்தாள். காரணம், லிஷா விமலகுமாரியின் மருமகள். தன்னைவிட இளைய விமலகுமாரியைச் சபை முழுக்கக் கேட்கும்படி "அக்கா" என்று கூப்பிட்டு வருகிறவள் ஜெயபாய். அந்த வாய் அறுபத்தாறு என்று சொல்லுமா?

"நாப்பத்தொன்பது எழுது மக்கா."

லிஷா அவளுடைய நரைத்த தலையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினாள்.

முட்டுவலிக்கு டாக்டர் சொன்ன சோதனை அது. கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை நிறுத்தி, சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாக அடியிறங்குகின்றன என்று பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்தில் முப்பத்துநாலு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

டாக்டர் அஜேஷ் முகம் சுளித்தார். "நாப்பத்தொன்பதுக்கு இது கூடுதலாக்கும் அம்மா. எங்கேயோ நோய் ஒளிஞ்சிருக்கு. திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாறேன். அதுவரை அடுப்புப் பக்கம் போகாதீங்க."

ஜெயபாய்க்கு நோய் பெரிதாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபை விருந்து! இறைச்சிக் கறி கிண்டுகிற கரண்டி எத்தனையோ வருடமாக அவள் கையில். இனி அது விமலகுமாரிக்குப் போகும். உப்பு என்று ஒன்றை ஆண்டவர் படைத்ததே விமலகுமாரிக்குத் தெரியாது.

"வயசுக்கும் இதுக்கும் என்ன பந்தம் டாக்டரே?"

"ரத்த அணுக்கள் பப்படம் அடுக்குன மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். ஒட்டினா கனம் கூடி சீக்கிரம் அடியில போகும். வயசு ஏறினா ஒட்டுறதும் ஏறும். அறுபத்தஞ்சு தாண்டினவங்களுக்கு முப்பத்துநாலு சாதாரணம்."

ஜெயபாய் கண்ணை மூடினாள். பேதுரு இயேசுவை மூன்று தடவை மறுதலித்தும் பரலோகச் சாவி கிடைத்தது. ஒரு தடவை பொய் சொன்னவளுக்கு ஒரு கரண்டி கிடைக்காதா?

"அறுபத்தாறு டாக்டரே."

"என்னது?"

"எனக்கு வயசு அறுபத்தாறாக்கும்!"

டாக்டர் அறையின் திரைக்கு வெளியே பெஞ்சில், சர்க்கரை பார்க்க வந்த விமலகுமாரி இருமினாள். வேண்டுமென்றே இருமிய இருமல்.

டாக்டர் சிரித்தபடி பேனாவை மூடினார். "அப்போ பயப்பட ஒண்ணும் இல்ல. போய்க் கறி வையுங்க."

ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரிந்துகொண்டிருந்தபோது விமலகுமாரி வந்தாள். பந்தலில் எல்லோருக்கும் கேட்கிற குரலில், "ஜெயபாய் அக்கா! வயசான காலத்துல கை நோவுமில்லா? கரண்டிய இங்க தாங்கோ" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயபாய் கிண்டுவதை நிறுத்தவில்லை.

"தள்ளி நில்லு தங்கச்சி. இது அறுபத்தாறு வயசு ரத்தமாக்கும். ஒட்டினா விடாது."