கராம்பு மரத்திலிருந்து ஒரு ஸுஜூது வரை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், சகோதரர்களே. நான் சொல்லாவிட்டால் அக்குறணைக் கடைத்தெருவே கூட்டிச் சொல்லும். நான் கராம்பு வியாபாரி; மரம் ஏறுபவன் அல்லன். போன கராம்புக் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பறிக்கிறவர் வரவில்லை. மொட்டு விரிந்தால் விலை போய்விடும் என்று, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நானே ஏறினேன். வயது ஐம்பதைத் தாண்டியது, வயிறு ஒரு மூட்டை. கீழே நின்ற மனைவி ஜெஸீமா இறங்கச் சொன்னாள். பதிலுக்கு ஒரு பகடி விட வாயைத் திறந்தேன். கிளை முறிந்தது. பகடி மேலேயே நின்றுவிட்டது. நான் மட்டும் இரண்டு குதிகாலும் நிலத்தில் குத்த வந்து உட்கார்ந்தேன்.

இடுப்புக்கு மேலே ஏதோ நொறுங்கியது எனக்கே கேட்டது. இடது காலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு அந்த எறும்பும் இல்லை.

மச்சான் ஓடிவந்து என்னைத் தூக்கி ஓட்டோவில் உட்கார வைக்கப் பார்த்தான். ஜெஸீமா விடவில்லை.

"ஆரும் தூக்க வேணாம். கதவக் கழட்டுங்க."

கராம்பு அறையின் கதவில் கிடத்தி, வேனில் ஏற்றிக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு குழிக்கும் கலிமா சொன்னேன்.

டொக்டர் மலையகத்துக்காரர். நடு முதுகும் கீழ் முதுகும் சேருகிற இடத்தில் ஓர் எலும்பு வெடித்திருக்கிறது என்றார். இப்படியான முறிவுகளை மூன்று வகையாகப் பிரிப்பார்களாம். முன்பக்க எலும்பு மட்டும் நசுங்கினால் ஏ. பின்னால் எலும்புகளை இழுத்துக் கட்டியிருக்கும் நாரும் அறுந்தால் பி. முதுகே இடம் விலகினால் சி. சி இல்லை என்று எடுத்த படத்திலேயே தெரிந்தது. ஏயா பியா என்பதை எம்.ஆர்.ஐ.தான் சொல்லும். நார் அறுந்திருந்தால் முதுகு நிலைக்காது. எலும்புத் துண்டு நரம்பை இன்னும் நெருக்கும். கால் திரும்பாமலே போகலாம்.

ஆயுள் முழுக்கக் கராம்பைத் தரம் பிரித்தவன் நான். பேரம் பேசாமல் இருக்க முடியுமா? முதலாம் தரத்தில் போட்டுவிடுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் போடுறது இல்லைங்க. எப்படி உடைஞ்சிருக்கோ அதுதான். இப்ப கால் விரல ஆட்டுங்க."

பெருவிரல் சற்று அசைந்தது. மற்றவை என் பேச்சைக் கேட்கவில்லை.

எம்.ஆர்.ஐ. படம் எடுக்க மறுநாள்தான் முறை. மாலைத் தொழுகையான அஸர் நேரம் வந்தது. தண்ணீருக்குப் பதிலாக மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்து, படுத்தபடியே தொழுதேன். குனிகிற ருகூஉவுக்கும் நெற்றியை நிலத்தில் வைக்கிற ஸுஜூதுக்கும் கண்ணிமைதான். கோழி கொத்துவதுபோல் ஸுஜூது செய்துவிட்டுக் கடை திறக்க ஓடுகிறவன் நான். இப்போது நிலம் கட்டிலுக்குக் கீழே, கை எட்டும் தூரத்தில். நெற்றிக்கு எட்டவில்லை. அழுதேன். யா அல்லாஹ், ஒரேயொரு ஸுஜூது, அவசரப்படமாட்டேன். வேறெதுவும் கேட்க வரவில்லை.

மறுநாள் நாலு பேர் சேர்ந்து மரக்குற்றிபோல் என்னைப் புரட்டி, மெஷினுக்குள் தள்ளினார்கள். வெளியே வந்து கிடந்தேன். டொக்டர் படத்தோடு வந்து முதலில் ஜெஸீமாவிடம் போனார். அவர் முகத்தையே பார்த்தேன். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நார் அறுந்து போகல. ஏ தான்."

அல்ஹம்துலில்லாஹ். ஆபரேஷன் செய்து முதுகில் ஆணி அடிக்கத் தேவையில்லை, இறுக்கமான பெல்ட் போதும் என்றார். விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இப்படிப் பலருக்கு நடப்பதுதான் என்றார் டொக்டர். நான் மறுக்கவில்லை. என் பாரத்துக்கும் அந்த நாரைப் பிடித்து வைத்தவன் யார் என்பது எனக்குத் தெரியும்.

ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் பள்ளிவாசலில் நெற்றியை நிலத்தில் வைத்தேன். எழ மனமில்லை. நான் மறுபடி உடைந்துவிட்டேன் என்று பக்கத்தில் நின்ற மச்சான் பயந்துபோனானாம். இப்போது கடை எனக்காகக் காத்திருக்கிறது; தொழுகை காத்திருப்பதில்லை.

விழுந்தவரை அசைக்காமல் பலகையில் கிடத்துங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அல்லாஹ்விடம் கேட்பதையும் விடாதீர்கள். என் போன்ற வாயாடி கேட்டதையே கொடுத்தவன், உங்களுக்கா இல்லை என்பான்?

இதை எழுதி ஜெஸீமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்று வாட்டுக்கு வெளியே அவளும் கையேந்தி துஆக் கேட்டு நின்றவள். அல்லாஹ் ஏற்றுக்கொண்டான், நீ கேட்ட துஆவும் கபூலாகிவிட்டது, பார் என்றேன்.

"நான் கேட்டது ஒங்களுக்குப் புத்தி வரட்டுமெண்டு, அது இன்னும் கபூலாகல்ல."