லடாக்கில் தொலைநோக்கி கட்டிய சித்தப்பா

ஆறாம் வகுப்பில் நான் சொன்ன பொய்களிலேயே பெரியது, என் சித்தப்பா சனிக்கிரகத்தின் வளையத்தை நேரில் பார்த்திருக்கிறார் என்பது. அதில் பாதி உண்மையும் இருந்தது. அப்பாவின் தம்பியான அவர் வெல்டர். துபாயில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவரை ஒரு ஒப்பந்தக்காரர் லடாக்குக்கு அழைத்துப் போனார். வானியல் ஆராய்ச்சிக்காக அங்கே ஒரு மலையுச்சியில் பெரிய தொலைநோக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேலே திறந்து மூடும் இரும்புக் கூரையைப் பற்றவைப்பது சித்தப்பாவின் வேலை. இரண்டு கோடைகள் போனார். மூன்றாவது கோடையில் வீட்டிலேயே இருந்தார். லீவு என்று நினைத்துக்கொண்டேன்.

என் பொய், அறிவியல் டீச்சரின் காதுவரை போய்விட்டது. பள்ளியில் பேசுவதற்குச் சித்தப்பாவை அழைத்துவரச் சொன்னார்.

"நான் என்னத்த பேசுகதுக்கு மக்களே?" என்று சித்தப்பா மறுத்தார். ஒருநாள் ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். சம்மதித்தார்.

கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அது அவர் தோளில் தொங்கியது. மாடி ஹாலுக்கு ஏறி மைக்கைப் பிடித்தவர், "அங்க குளுர்ல இரும்பத் தொட்டா தோலு ஒட்டிப்போவும்" என்று தொடங்கி, நிறுத்தினார். மேசையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நின்றார். மேடைப் பயம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

முன்வரிசையிலிருந்து என் வகுப்புக்காரி எழுந்தாள். "சனி வளையம் எப்படி இருந்துச்சு அங்கிள்?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று நான் தலையாட்டினேன்.

"நான் பாக்கல்ல மக்களே. தொலைநோக்கிக்க கண்ணாடி வாறதுக்கு முன்னாலயே என்னைய கீழ எறக்கி விட்டுட்டாவ."

ஹாலே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. டீச்சர் அவருக்கு ஒரு பேனா கொடுத்து அனுப்பிவைத்தார்.

பள்ளியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ரப்பர் தோட்டத்து ஏற்றம் வழியாகப் போக வேண்டும். நான் பத்தடி முன்னால் நடந்தேன்.

"மக்களே, ஒண்ணு நில்லு."

நான் நிற்கவில்லை.

"பைய போ மக்களே... நில்லு..."

மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று வேகத்தைக் கூட்டினேன். பிறகு சத்தம் கேட்கவில்லை.

"சித்தப்பா எங்கட்டீ?" என்று வீட்டு வாசலில் கேட்டாள் அம்மா.

"பொறத்தால வாறாவ."

வரவில்லை. அப்பா தேடிப் போனபோது ஒரு ரப்பர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். அம்மா என்மேல் கையை ஓங்க, "பிள்ளைய அடிக்காதீங்க மதினி. நாந்தான் முன்னால போவச் சொன்னேன்" என்றார். ஹாலில் என்னைக் காட்டிக்கொடுத்ததற்குப் பரிகாரம் செய்கிறார் என்று எண்ணி, அவரைக் கொஞ்சம் மன்னித்தும் விட்டேன்.

அடுத்த ஓணத்துக்கு அவர் இல்லை.

முதல் கோடையிலேயே அந்த உயரத்தில் அவர் நுரையீரலில் நீர் கோத்ததும், பனி விழுவதற்குள் கூரையை முடிக்க வேண்டும் என்று குணமாகுமுன் திரும்ப மேலே ஏற்றியதும், நோய் ஊரிலிருந்தே வந்தது என்று ஒப்பந்தக்காரர் எழுதி வாங்கிக்கொண்டதும் வளர்ந்த பிறகு அப்பா சொல்லித்தான் தெரியும். அந்தத் தொலைநோக்கியில் எடுத்த படங்கள் இப்போது அவ்வப்போது செய்தித்தாளில் வருகின்றன. தெளிவாகவே இருக்கின்றன.

எனக்கு அப்போது பதினொரு வயது. மூச்சு விடுவதே ஒரு மனிதருக்கு வேலையாகிவிடும் என்று தெரியாது. அந்த ஏற்றத்தில் அவர் என்னை நிற்கச் சொன்னது என் தோளைப் பிடித்துக்கொள்ளத்தான்.