புவனா அக்கா விடாமல் வைத்திருந்த பந்தெறிபவர்

சென்ற கிழமை வேலைத்தலத்துத் தொலைபேசியில் புவனா அக்காவின் மகள் நித்தியா அழைத்தாள். "அன்ரி, அம்மா காலமை மோசம் போயிட்டா," என்றாள். முதல்நாள் நெஞ்சு நோகிறது என்று படுத்தவராம். எனக்குப் பின்னால் பாரம் தூக்கும் வண்டிகளின் இரைச்சல். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். பாவம், அந்தப் பிள்ளை அதை இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

இறுதிக் கிரியையில் ஒருவர் எழுந்து, அவர் சாந்தமே உருவானவர் என்று பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புவாண்ட்-கிளேர் பண்டகசாலையில் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்ட எங்களுக்குத் தெரியும், அக்கா வாய் திறந்தால் கூட வேலை செய்த, தமிழே தெரியாத மிஷெலுக்கும் எல்லாம் விளங்கிவிடும்.

எங்களுக்கு ஒரு விளையாட்டைப் பழக்கியவன் மிஷெல்தான். வசந்தம் தொடங்கும்போது ஆளுக்கொரு கற்பனை பேஸ்போல் அணி சேர்ப்போம். உண்மையான ஆட்டக்காரர்களின் பெயர்களை முறைவைத்துத் தெரிவுசெய்வோம். அவர்கள் எந்த ஊரில் நன்றாக அடித்தாலும் எறிந்தாலும் புள்ளி எங்களுக்கு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிஷெல் பத்திரிகையைப் பார்த்துக் கணக்குச் சொல்லுவான். ஆட்டக்காரன் சரியில்லை என்றால் அவனை விட்டுவிட்டு வேறொருவனை எடுக்கலாம். பெட்டி கட்டும் பகுதியில் வானொலி கேட்டே ஆட்டம் பழகியவர் அக்கா. "கிரிக்கெட் மாதிரி இல்லை. இஞ்ச அடிச்சால் ஓடத்தான் வேணும், நிண்டு யோசிக்க ஏலாது," என்பார்.

நான் சொல்லப்போவது எங்கள் நகரத்து அணி முதலிடத்தில் நின்ற அந்த ஆண்டைப் பற்றி. தெரிவில் முதல் முறை அக்காவுக்கு வந்தது. விடியற்கால வேலை முடித்து நேரே வந்தவர், அன்றைய பத்திரிகையைப் பார்த்திருக்கவில்லை. எழுந்து நின்று, முந்தைய ஆண்டு வெளுத்து வாங்கிய ஒரு பந்தெறிபவரின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். எங்களோடு வேலை செய்த தேவன் சிரிப்பை அடக்க முடியாமல், "அக்கா, அவனுக்கு நேற்று முழங்கையில ஒப்பரேசன். பேப்பரில போட்டிருக்கு," என்றான்.

மாற்றிக்கொள்ளலாம் என்றான் மிஷெல். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "வேண்டாம். பிழையா எடுத்தனான்தான். எடுத்தாப் பிறகு அவன் என்ர ஆள்."

அதன்பின் அவருடைய அணிக்கு வந்ததெல்லாம் கேடுகாலம். ஒருவன் மதிலில் மோதித் தோளை உடைத்தான். பந்து பிடிப்பவனின் பெருவிரல் போயிற்று. முந்தைய ஆண்டு விளாசித் தள்ளியவன் இந்த முறை காற்றைத்தான் அடித்துக்கொண்டிருந்தான். "நல்லவன் படுத்திட்டான், படுத்திருக்க வேண்டியவன் விளையாடுறான்!" என்று அக்கா திட்டத் தொடங்கினால் மிஷெல் பத்திரிகையை மடித்துவிடுவான். "உங்கட அணிக்கு அம்புலன்ஸ்தான் வேணும்," என்று தேவன் சீண்டுவான். காற்றை அடித்தவனை அக்கா விட்டார். நொந்தவர்களில் ஒருவரையும் விடவில்லை. "சோம்பேறியை விடலாம், நொந்தவனை விடேலாது," என்பதுதான் அவருடைய சட்டம். புள்ளியில் எங்களில் கடைசியாக நின்றார்.

ஆடி மாதத்தில் மேல்தட்டிலிருந்து இறக்கிய பெட்டியொன்று சரிந்து அக்காவின் வலத்தோள் மூட்டு விலகிப்போயிற்று. சுகமாகி செப்ரெம்பரில் வரச் சொல்லி அனுப்பினார்கள். லாசாலில் தன் வீட்டில், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வானொலிக்குப் பக்கத்தில் இருந்தார். அகதி வழக்கு முடியவில்லை. உழைப்பது அவர் ஒருவர்தான். அந்த வேலை போனால் எல்லாம் போயிற்று. நான் ஞாயிறுகளில் பத்திரிகையோடு போவேன். பந்தெறிபவர் ஓகஸ்ட் கடைசியில் களத்துக்கு வருவார் என்று ஒருநாள் போட்டிருந்தது. அந்தக் கோடையில் அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நானும் அவனும் ஒண்டாத்தான் வேலைக்குப் போகப்போறம், பாரும்," என்றார்.

ஓகஸ்ட் நடுவில் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் வந்தது. ஆட்டமே நின்றுபோயிற்று. "அவன்ர கைக்குச் சுகம் வாற நேரம் பாத்துக் கேற்றைப் பூட்டிப்போட்டாங்கள்," என்றார் அக்கா.

செப்ரெம்பரில், சொன்ன நாளில், சாப்பாட்டுப் பையோடு வந்தார். வேலைப் பலகையில் அவருடைய பெயர் இல்லை. அவருடைய இடத்தில் புதிதாக ஒரு பெண் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். இப்போது இடமில்லை என்றார்கள். வழக்குப் போடலாம் என்றான் மிஷெல். தன் வழக்கே முடியாத ஆள், யார்மேல் வழக்குப் போடுவது? அக்கா சத்தம் போடுவார் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அவர் போடவில்லை. பஸ் வரும்வரை அவரோடு நின்றேன். மெதுவாகச் சொன்னார்: "நான் பிழையா எடுத்தவனை விடேல்லை. இவங்கள் என்னைக் கை கால் எல்லாம் பாத்துத்தானே எடுத்தவங்கள்."

அந்தத் தோள் பிறகு சரிவரவேயில்லை. தலை வாரக் கையைத் தூக்க முடியாமல், நித்தியாதான் வாரிவிடுவாள். கிடைத்த சில்லறை வேலைகளில் காலம் போயிற்று. அந்தப் பந்தெறிபவர் அடுத்த ஆண்டு வேறொரு அணியில் வந்தார். பழைய எறி இல்லை. கொஞ்ச நாளில் ஆட்டத்தையே விட்டுவிட்டார். நான் அதை அக்காவிடம் சொன்னபோது, "சுகம் வரமுன்னம் எறியவிட்டிருப்பாங்கள்," என்றார். கோபம் இருந்தது, ஆனால் சத்தம் இல்லை. அந்தச் சத்தத்தையும் அவரிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்பதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

இப்போது அதே பண்டகசாலையில் பெட்டி கட்டும் பகுதிக்கு நான் பொறுப்பு. மணிக்கட்டு நொந்து ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். இறுதிக் கிரியைக்கு மறுநாள், அவளுடைய பெயரைப் பலகையிலிருந்து எடுக்கச் சொல்லி மேலே இருந்து வந்தார்கள். எடுக்க மாட்டேன் என்றேன். எப்போது வருவாள் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அப்படியென்றால் உன் பெயரையும் யோசிக்க வேண்டிவரும் என்றார்கள். யோசிக்கட்டும்.

புவனா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வசனம்தான். "அவள் என்ர ஆள்," என்றேன், தமிழிலேயே, தமிழ் தெரியாதவர்களுக்கும் விளங்கும் சத்தத்தில்.