செல்வம் குச்சியை யாரிடம் கொடுத்தான்?

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், ஒரு மைதானமே பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. ராயபுரம் அம்புரோஸ் மாஸ்டர் சாராயம் தொடாதவர். கதை கட்டத் தெரியாதவர். சாகும்வரை இதை எத்தனையோ பேரிடம் சொன்னார். ஒரு முறைகூட மாற்றிச் சொன்னதில்லை.

வருஷம் 1953. எண்ணூருக்கு வடக்கே, உப்பளத்தை ஒட்டி ஒரு சின்ன ஜில்லா போர்டு ஹைஸ்கூல். ஓடு வேய்ந்த ஒரே கட்டடம். பின்னால் மணல் மைதானம். அதற்கும் பின்னால் கடல். அம்புரோஸ் அங்கே டிரில் மாஸ்டர். காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் திரும்புவார். அந்தப் பள்ளிக்கு இரண்டே ஆசைதான். எஸ்.எஸ்.எல்.சி.யில் பாதிப் பேராவது தேற வேண்டும். ஜில்லா விளையாட்டுப் போட்டியில் ஒரு கோப்பையாவது வாங்க வேண்டும். இரண்டும் அதுவரை நடந்ததில்லை.

எத்திராஜ் வந்த பிறகுதான் இரண்டும் நடக்கும் என்ற நம்பிக்கை வந்தது. பக்கத்துக் குப்பத்துப் பையன். அப்பா இல்லை. அம்மா பச்சையம்மா கூடையில் மீன் சுமந்து விற்று அவனைப் படிக்க வைத்தாள். கணக்கு வாத்தியார் ஞானதுரை திருநெல்வேலிக்காரர். லேசில் யாரையும் பாராட்டிவிட மாட்டார். அவரே ஒருநாள், "அல்ஜீப்ராவும் வருது, ஓட்டமும் வருது. இந்தப் பயல ஆண்டவன் பிரியமா படைச்சிருக்காம்வே!" என்று அம்புரோஸிடம் சொன்னார். நாலு பேர் ஓடும் தொடர் ஓட்டத்தில் எத்திராஜ்தான் கடைசி ஆள். மூன்றாவது ஆளான செல்வம் குச்சியைக் கையில் வைத்ததும் அம்பு மாதிரிப் போவான்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, ஆள் போதவில்லை என்று தாய்மாமனோடு கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போனான் எத்திராஜ். மதியம் காற்று திரும்பிவிட்டது. மாமன் எப்படியோ நீந்திக் கரை சேர்ந்தார். எத்திராஜ் வரவில்லை. உடலும் வரவில்லை.

பச்சையம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஹெட்மாஸ்டர் அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எம்புள்ள பேரை அடிச்சிடாத சாமி. பொணம் வர்லியே. செத்துட்டான்னு எப்படிச் சொல்லுவே?"

ஹெட்மாஸ்டர் பேரை அடிக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போய்ப் படுத்தவள்தான், அதன்பிறகு எழுந்து நடக்கவே இல்லை. சோறு இறங்கவில்லை. கால் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு மங்கம்மாதான் கஞ்சி ஊற்றிப் பார்த்துக்கொண்டாள்.

தை பிறந்தால் ஜில்லா போட்டி. எத்திராஜ் இடத்துக்குப் பொன்னுரங்கம் என்ற பையனை நிறுத்தினார் அம்புரோஸ். முதல் நாள் பயிற்சியிலேயே அவன் குச்சியோடு பாதியில் நின்றுவிட்டான்.

"சார், குச்சி ஈரமா கீது."

"செல்வம், கைய துடைச்சிகினு ஓடுடா."

"என் கை காஞ்சிதான் கீது சார்."

அம்புரோஸ் வாங்கிப் பார்த்தார். சொட்டச் சொட்ட ஈரம். முகர்ந்தார். கடல் வாசனை.

இரண்டு நாள் கழித்து, காலையில் ஞானதுரை ஆஜர் எடுத்தார். எத்திராஜ் பேர் வந்ததும் வழக்கம்போல ஒரு நொடி நிறுத்திவிட்டு அடுத்த பேருக்குப் போகப் பார்த்தார்.

"பிரசன்ட் சார்..."

கடைசி பெஞ்சிலிருந்து. தெளிவாக.

யாரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சில் ஒரு பையன் விம்மி அழ ஆரம்பித்தான். கடைசி பெஞ்சில் ஆள் இல்லை. பலகை மட்டும் நனைந்திருந்தது. ஞானதுரை சாக்பீஸை வைத்துவிட்டு அம்புரோஸைத் தேடி மைதானத்துக்கே வந்துவிட்டார்.  "அவன் குரல்தாம்வே..." என்றார். 

அன்று சாயங்காலம் பொன்னுரங்கம் தனியாக ஓடினான். தப்... தப்... தப்... ஆனால் கேட்டது இரண்டு கால் ஓட்டம் இல்லை. கூடவே இன்னொரு ஜோடி. ஓடி முடித்ததும் அம்புரோஸ் போய்ப் பார்த்தார். பொன்னுரங்கத்தின் தடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு தடம். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊறி நின்றது.

அவருக்குப் பயம் வரவில்லை.  பையன்கள் பார்ப்பதற்குள் காலால் மணலைத் தள்ளி மூடினார்.

செங்கல்பட்டில் போட்டி. நல்ல உச்சி வெயில். விசில் ஊதியதும் முதல் பையன் பாய்ந்தான். இரண்டாமவனும் விடவில்லை. செல்வம் மற்ற எல்லாப் பள்ளிகளையும் தாண்டி முதலில் வந்தான். பொன்னுரங்கம் கையைப் பின்னால் நீட்டிக் காத்திருந்தான்.

செல்வம் குச்சியை நீட்டினான்.

விட்டான்.

பொன்னுரங்கத்தின் கை காலி.

மற்ற பையன்கள் அவனைத் தாண்டி ஓடினார்கள். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. பொன்னுரங்கம் வெறும் கையைப் பார்த்தபடி அப்படியே நின்றான். குச்சி கீழே விழவில்லை. மைதானம் முழுக்கத் தேடினார்கள். இல்லை.

"குடுத்துட்டேன் சார்..." செல்வத்தின் உதடு வெளுத்திருந்தது.

"யாருக்குடா?"

 செல்வம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்தக் கை... சில்லுனு இருந்துச்சு சார்."

மறுநாள் அம்புரோஸ் குப்பத்துக்குப் போனார். மகனுடைய பள்ளி தோற்றுவிட்டது என்று அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் போனார். பச்சையம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாசத்துக்கு அப்புறம் அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பு.

"நேத்து வந்தான் வாத்யாரே."

"யாரு?"

"எம்புள்ள. பகல்லதான். மூச்சு வாங்கிகினு வாசல்ல நின்னான். மேலெல்லாம் ஈரம். ஜெயிச்சியா நைனான்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல. குச்சிய நீட்னான்."

 "நீ... இன்னாம்மா பண்ணே?"

"வாங்கிக்கினேன். புள்ள எவ்ளோ நேரம் கைய நீட்டிகினு நிப்பான்?"

அவள் மடியில் கிடந்தது குச்சி. அவரே ஆணியைச் சூடு காட்டிப் பள்ளிப் பெயரைப் பொறித்த குச்சி. தன்னை அறியாமல் கையை நீட்டினார்.

பச்சையம்மா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"தொடாத வாத்யாரே. வாங்குனவங்க ஓடணும்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் மங்கம்மா நின்றிருந்தாள். விடியும் முன்னே பச்சையம்மாவின் உயிர் போய்விட்டது. ஹெட்மாஸ்டர் பள்ளிக்கு விடுமுறை விட்டார். பையன்கள் எல்லாரும் குப்பத்துக்கு நடந்தார்கள். செல்வம் வழி நெடுக அழுதான். வீட்டில் குச்சியைக் காணோம். பாயைப் புரட்டிப் பார்த்தாயிற்று. கூரையில் செருகி இருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. எங்கேயும் இல்லை.

உடலைக் குளிப்பாட்டிவிட்டு வெளியே வந்த மங்கம்மா, அம்புரோஸைத் தனியாகக் கூப்பிட்டாள். 

"ரெண்டு மாசமா தரையில கால் வெக்காதவ சார். உள்ளங்கால் ரெண்டும் தோலு உரிஞ்சி கீது... ரொம்ப தூரம் ஓடுனவ மாதிரி. அதுல ஒரே செவப்பு மண்ணு. எத்தினி கொடம் ஊத்தியும் போவ மாட்டேங்குது. நம்ம பக்கம் ஏது சார் செவப்பு மண்ணு?"

அம்புரோஸ் குனிந்து தன் கான்வாஸ் ஷூவைப் பார்த்தார்.

செங்கல்பட்டிலிருந்து வந்தபிறகு அதை அவர் கழுவவே இல்லை. விளிம்பெல்லாம் அப்பியிருந்தது... அதே செம்மண்.