கழற்றச் சொன்ன கண்ணாடி

லேக் கார்டன்ஸில் என் மகளுக்குக் கண்ணாடி வாங்கப் போயிருந்தோம். கடைக்காரர் கண்ணாடிக் கூட்டை 'டப்'பென்று மூடினார். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

எனக்குப் பதினொரு வயதில் கண்ணாடி வந்தது. தூங்கும் நேரம் தவிர எப்போதும் போட்டுக்கொள்ளச் சொன்னார் டாக்டர். ஜாதவ்பூர் வீட்டில் எங்களோடு இருந்த அத்தையோ, "ஸ்கூலுக்கு மட்டும் போட்டுண்டா போதும். நாலு பேர் பார்த்தா நாளைக்கு எவன் கட்டிப்பான்?" என்றாள். அப்பா செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். நான் பள்ளியிலிருந்து வந்ததும் அத்தை கண்ணாடியை வாங்கிக் கூட்டில் வைத்து, இதே சத்தத்தோடு மூடி, தன் கைப்பையில் போட்டுக்கொள்வாள்.

அண்ணா படிக்க மெட்ராஸ் கிளம்பியபோது, வழியனுப்ப உறவுக்காரர்கள் எல்லாரும் ஹவுரா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்கள்.

"அத்தை, கண்ணாடியைக் குடுங்கோ, அண்ணாவைப் பார்க்கணும்" என்று கெஞ்சினேன்.

"எல்லாரும் இருக்கா, சும்மா இரு."

ரயில் நகர்ந்தது. ஒரு ஜன்னலில் மங்கலாகத் தெரிந்த நீலச் சட்டையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே ஓடினேன்.

சில நாள் கழித்து அண்ணாவின் கடிதம் வந்தது. 'யாருக்குடி டாட்டா காட்டினே? நான் அடுத்த ஜன்னல்லேர்ந்து கத்திண்டே இருந்தேன்.'

அதைப் படித்துவிட்டு அத்தை சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கடையில் மகள் புதுக் கண்ணாடியோடு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, சித்தி கல்யாணத்துல மட்டும் கழட்டிடட்டுமா?"

"யாருக்காகக் கழட்டணும்?" என்று கத்தியேவிட்டேன்.

கடையில் இருந்த எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.