வடசேரிக் கோளாம்பி

நேற்று ஆட்டோவில் ஏறியதும் ஓட்டுகிற பையன் எஃப்.எம். ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கப் போனான். வயதானவர்களுக்குச் சத்தம் ஆகாது என்று இவர்களுக்கு யார்தான் சொல்லிவைத்தார்களோ. "குறைக்காத மக்கா, கூட்டு" என்றேன். ஒரு பெண் ஜவுளிக்கடை விளம்பரத்தை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளுக்குப் பதிலாக நான் மூச்சு வாங்கினேன். நானும் ஒருகாலத்தில் விளம்பரம் சொன்னவள்தான்.

எங்கள் ரேடியோவைப் பார்த்தால் சிரித்திருப்பீர்கள். வடசேரிச் சந்தையில் தங்கையன் அண்ணன் ஒரு மைக்கும் பாட்டுத்தட்டுப் பெட்டியும் வைத்திருந்தார். வெளியே தென்னை மரத்தில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள். எச்சில் துப்புகிற பாத்திரம் மாதிரி வாய் விரிந்திருக்கும் என்பதால் எங்கள் பக்கத்தில் அதற்குக் கோளாம்பி என்று பெயர். ஒரு பாட்டு, குடைக்கடை விளம்பரம், இன்னொரு பாட்டு, புதுக்கடை பஸ் புறப்படப் போகிறது, ஆட்டுக்குட்டியைக் காணவில்லை, தெரிந்தவர்கள் உடனே வந்து சொல்லவும். சந்தைக்காரர்கள் இதை வடசேரி ரேடியோ என்றார்கள். நாடு சுதந்திரம் வாங்கிக் கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. நாங்கள் இன்னும் தமிழ்நாட்டோடு சேரவில்லை, மலையாள ராஜ்யத்தில்தான் இருந்தோம்.

அப்பாவுக்குச் சந்தையில் கருவாட்டு வியாபாரம். கடியப்பட்டணத்திலிருந்து காலை பஸ்ஸில் அவரோடு நானும் வருவேன். ஒருநாள் அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "படிச்ச புள்ளதானே, இத ஒண்ணு வாசி" என்று என்னை மைக்கின் முன்னால் உட்கார வைத்தார். வாசித்தேன். சந்தை ஒரு கணம் நின்று மேலே பார்த்தது. அதன்பிறகு அந்த நாற்காலியை நான் விடவில்லை. மைக்கில் சுற்றிய துணியை மட்டும் அண்ணன் அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. "மைக்குல சாளமீனு மணக்குது பிள்ளே" என்பார். கருவாடு கட்டிய கை, என்ன செய்ய?

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "பொம்பளப் புள்ள ஊரு கேக்கச் சத்தம் போடலாமா?" என்பாள். இத்தனைக்கும் மீன்கடவம் தலையில் ஏற்றி, நாலு ஊருக்குக் கேட்கும்படி கூவி விற்கிறவள் அவள். மைக் வைத்துக் கூவினால்தான் மானம் போகுமாம்.

கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளைக்குக் கொச்சித் துறைமுகத்தில் வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல முகம். அவருடைய மாமா மட்டும் காப்பி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "கலியாணம் கழிஞ்சா மைக்கும் மண்ணாங்கட்டியும் வேண்டாம், கேட்டியளா." எல்லோரும் தலையாட்டினார்கள். என் தலையும் ஆடியதாகத்தான் அம்மா கடைசிவரை சாதித்தாள்.

எங்கள் மாதா கோயிலில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் சொல்லி, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் இருப்பதுதான் வழக்கம். இரண்டு ஓலை அப்படியே போயின. இரவில் படுத்தால் தூக்கமில்லை, எழுந்தால் நடக்க இடமில்லை.

மூன்றாவது ஓலையில் சாமியார், "தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்றதும் எனக்கு ஆட்டுக்குட்டி ஞாபகம் வந்தது. தினமும் நான் சொல்கிற வாக்கியம் அல்லவா? அதைக் கேட்டு ஆள் வராமல் இருந்ததில்லை. எழுந்துவிட்டேன்.

"தடை உண்டு சாமி. எனக்குச் சம்மதமில்ல. எனக்கு மைக்கு வேணும்."

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைப்பு. பழகிய தொண்டை, கடைசித் தூண் வரை போய்விட்டது. யாரோ சிரித்தார்கள். அம்மா முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டாள். அப்பா திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

மறுநாள் விடியற்காலை அப்பா கருவாட்டுக் கட்டைத் தலையில் தூக்கிவைத்தார். வாசலைத் தாண்டினார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

"ஏட்டி, வாறியா? பஸ்ஸு போயிரும்."

முகம் கழுவக்கூட நிற்காமல் ஓடினேன்.

இவ்வளவு ஆட்டம் ஆடியதற்கு மைக் பல காலம் நிலைத்ததா என்றால், இல்லை. ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலமும் கூட்டமுமாக ஊர் கொதித்த நேரம். சந்தையில் கோளாம்பி கட்டக்கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டது. அண்ணன் எல்லாவற்றையும் கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிற ஒருவருக்கு விற்றார். நான் டீச்சரானேன், மனதுக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டேன். மைக்கை மட்டும் பிறகு தொடவில்லை.

ஆட்டோ வடசேரி பஸ் நிலையத்தில் நின்றது. தென்னை நின்ற இடம் எது என்று தேடினேன், தெரியவில்லை. புதுக்கடை பஸ் உறுமிக்கொண்டிருந்தது. கடியப்பட்டணத்துக்கும் பஸ் நின்றது. இப்போதெல்லாம் ஒன்று போனால் இன்னொன்று வருகிறது. நான் ஏறினால்தான் என்ன, ஏறாவிட்டால்தான் என்ன, "வாறியா" என்று திரும்பிக் கேட்கத்தான் ஆளில்லை.